வெளுக்காத திரை

சாயப்பட்டறையில் ஷேடு மாஸ்டரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கொத்தனாரைப் பக்கத்தில் நிற்க வைத்து அதைச் செங்கல்லால் அடைத்துவிட்டார். சுவர் சாம்பல் நிறம், மேசை சாம்பல் நிறம், அவர் மாட்டியிருக்கும் கோட்டும் சாம்பல் நிறம். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாலே துணியின் நிறம் ஒரு நூல் மாறித் தெரியும் என்பது அவர் கட்சி. ஒருநாள் முதலாளியே மஞ்சள் சட்டையில் வந்துவிட்டார். "அங்கேயே நின்னு பேசுங்க சார்" என்று வாசலோடு நிறுத்திவிட்டார் மனிதர். முதலாளிக்கு வருத்தமில்லை. பட்டறை அந்தக் கண்ணை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை இதுதான். வாங்குபவர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறத்தில் ஐயாயிரம் மீட்டர் வேண்டும் என்பார். சாயம் ஏற்றிய முதல் துண்டை மாஸ்டர் அதோடு சேர்த்து லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்ப்பார். முன்பக்கம் திறந்த ஒரு பெட்டி. உள்ளே மேலே வரிசையாகக் குழல்விளக்குகள். ஒரு பொத்தானை அழுத்தினால் கடை வெளிச்சம், இன்னொன்றை அழுத்தினால் வீட்டு பல்பு வெளிச்சம். நடுப்பொத்தான்தான் முக்கியம், அது பகல் வெளிச்சம். வெளியே மேகம் வரும், போகும்; காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். பெட்டிக்குள் இருக்கும் பகலுக்கு இந்த ஏறுமாறெல்லாம் இல்லை. தட்டினால் உச்சிப்பொழுது, மறுபடி தட்டினால் அணைந்துவிடும். இப்படிச் சொன்னபடி கேட்கிற பகலோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு, வெளியே இருக்கிற பகல் கொஞ்சம் மட்டமான சரக்காகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

வெயிலை அவர் எதிரியாகவே வைத்திருந்தார். சாயக்காரன் பாடுபட்டு ஏற்றுவதை வெயில் சும்மா வந்து இறக்கிவிட்டுப் போகிறது என்று கோபம். மொட்டைமாடியில் நாள் முழுக்க நூல் கட்டுகளை உலர்த்தித் திருப்பிப் போடுகிற மாடிக்காரருக்கும் அவருக்கும் இதில்தான் ஓயாத வழக்கு. "அவன் இல்லாட்டி என் நூல் எப்பக் காயும் மாஸ்டரே? ஒரு தடவை மேல ஏறி வந்து பாருங்க, கடிக்க மாட்டான்" என்பார் மாடிக்காரர். மாஸ்டர் ஏறியதே இல்லை. காலையில் பட்டறை வேன் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு அதே வாசலில் இறக்கிவிடும்.

அவர் மனைவி தபால்காரம்மா. வேலையை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எட்டு வருஷம் சைக்கிள் மிதித்துத் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்தவர். கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம் வயிற்றில் ஓர் உயிர் தங்கியபோது, படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போயிற்று. பெண் குழந்தை பிறந்தது. மொட்டு என்று கூப்பிட்டார்கள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மாஸ்டருக்கோ அந்தப் பொன் என்ன ஷேடு என்றுகூடத் தெரியும். "எங்க ரெண்டு பேரையும் விட ரெண்டு ஷேடு இளசு" என்று துணியைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "வெயில்ல காட்டிக் கறுக்க விட்டுடாதீங்க." அவர்கள் பாடாவிட்டாலும் மாஸ்டர் விட்டிருக்கப் போவதில்லை.

வீடு அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருந்தது. எதிரே பத்தடி தள்ளி இன்னோர் அடுக்குமாடி. கழுத்தை நன்றாக வளைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நாடா அகலத்துக்கு வானம் தெரியும். இருந்த ஒரே ஜன்னலுக்கும் பட்டறைத் துணியில் திரை தைத்து மாட்டியிருந்தார், மயில்கழுத்து நிறத்தில். அந்த நிறத்தைப் பிடிக்க நாலு நாள் தூங்கவில்லை என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்வார்.

குழந்தை பிறந்த பத்தாம் நாள் செய்தித்தாளில் சுற்றி நீளமாக ஒன்றை எடுத்து வந்தார். லைட் பாக்ஸின் பகல் குழல். இரண்டாயிரம் மணி நேரம் எரிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது தொழில் விதி. வீட்டுக்கு நன்றாகவே எரியும், நிறம் பார்க்கத்தான் ஆகாது. ஸ்டூலில் ஏறித் தொட்டிலுக்கு மேலே மாட்டினார்.

"குழந்தைக்கு வெளிச்சம் காட்டணும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, இந்தா. சூடு இல்லை, தூசி இல்லை, தோலும் கறுக்காது. வெயில்ல இருக்கிற நல்லது மட்டும்."

தபால்காரம்மா அண்ணாந்து பார்த்தார். அறை பளிச்சென்று இருந்தது. காலம் முழுக்க வெளிச்சத்தோடு வேலை செய்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். காலையில் மூன்று மணி நேரம், நடுப்பகலில் மூன்று மணி நேரம் குழல் எரிந்தது. மாஸ்டர் அதை ஒருநாள் தவற விட்டதில்லை. பாசத்தைக்கூட மணிக் கணக்கில்தான் காட்டத் தெரியும் அவருக்கு.

மொட்டுவுக்கு ஒரு வயது முடிந்தது. பல் இரண்டுதான் வந்திருந்தது. தூங்கினால் தலை வியர்த்துத் தலையணை நனைந்தது. மணிக்கட்டு இரண்டும் தடித்திருந்தன; பார்த்தவர்கள் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று கிள்ளிவிட்டுப் போனார்கள். நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்பாள், ஒரு நொடி யோசிப்பாள், பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். பதினைந்தாம் மாதம் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்தார், எழுதிக்கொண்டே கேட்டார்.

"தாய்ப்பால்தானே? சரி. குழந்தைக்கு வெயில் படுதா?"

தபால்காரம்மா வாயைத் திறக்குமுன் மாஸ்டர் முந்திக்கொண்டார். "தினமும் ஆறு மணி நேரம் டாக்டர். ஒருநாள் தவறினதில்லை."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவர் அப்படித்தான் நம்பினார். டாக்டர் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, "சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும், இன்னும் மூணு மாசம் பாருங்க" என்றார்.

மூன்று மாதம் நாலு மாதமாயிற்று. கீழ்த்தெருவில் மொட்டுவுக்குப் பின்னால் பிறந்த குழந்தைகளெல்லாம் ஓடின. இவள் நிற்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. தபால்காரம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தரையிலிருந்து எழுந்தார். தும்மினால் விலா எலும்பு வலித்தது. மாஸ்டருக்கும் படி ஏறினால் தொடை கனத்தது. நாற்பத்து மூன்று வயதில் "வயசாகுதுல்ல" என்று சொல்லிக்கொண்டார்.

"பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேனே" என்றார் தபால்காரம்மா ஒருநாள்.

"எதுக்கு? வெயில்தான் வீட்லயே இருக்கே."

"எட்டு வருஷம் உச்சி வெயில்ல சைக்கிள் மிதிச்சேங்க. அப்ப எனக்கு ஒரு எலும்பு வலிச்சதில்லை. இப்ப உட்கார்ந்த இடத்துல வலிக்குது."

"அது பிரசவத்துனால." மாஸ்டரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் அன்று குழந்தையைத் தூக்கி நிறுத்தியபோது, இவள் நடக்கவே மாட்டாளோ என்ற பயம் முதல்முறையாக அவருக்கு வந்தது.

அந்த வாரம்தான் பட்டறைக்குப் புகார் வந்தது. மயில்கழுத்துத் திரைத்துணி வாங்கிய ஒரு கம்பெனி, ஒரு வருஷத்துக்குள் வெளுத்துப் போய்விட்டதென்று ஒரு திரையைக் கழற்றி அனுப்பியிருந்தது. முதலாளி அதை மாஸ்டரின் அறைக்குக் கொண்டுவந்தார், மறக்காமல் வெள்ளைச் சட்டையில்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "சான்ஸே இல்லை சார். என் வீட்லயும் இதே துணிதான், இதே தொட்டியில போட்டது. ரெண்டு வருஷமா ஜன்னல்ல தொங்குது. ஒரு இழை வெளுக்கலை. நாளைக்குக் கொண்டு வர்றேன், நீங்களே பாருங்க."

மறுநாள் கொண்டும் வந்தார். முதலாளி நின்றார், நூல் சாம்பிள் கொடுக்க வந்த மாடிக்காரரும் வாசலில் நின்றுகொண்டார். மாஸ்டர் இரண்டு திரைகளையும் மேசையில் விரித்து, கத்தரிக்கோலால் கீழ் மடிப்பின் தையலைப் பிரித்தார். துணி வெளுத்ததா என்று பார்க்க இதுதான் வழி. மடிப்புக்குள் இருக்கும் துணி வெளிச்சம் பார்த்திருக்காது, ஏற்றிய நிறம் அதில் அப்படியே இருக்கும். புகார்க்காரர் திரையில் உள்மடிப்பு மயில்கழுத்து, வெளிப்பக்கம் பழைய பாத்திரம் துடைக்கிற துணி. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. மாஸ்டரின் திரையில் உள்ளும் வெளியும் ஒன்று. பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். கோடே இல்லை.

"பாத்தீங்களா சார்?" என்றார். குரலில் வெற்றி இருந்தது.

முதலாளிக்குக் குழப்பம். "ஒரே தொட்டி, ஒரே சாயம். ஒண்ணு வெளுத்திருக்கு, ஒண்ணு வெளுக்கலை. எப்படி மாஸ்டர்?"

"இதுல என்ன சார் இருக்கு?" என்றார் வாசலில் நின்ற மாடிக்காரர். "அவங்க ஜன்னல்ல வெயில் அடிக்குது, மாஸ்டர் வீட்டு ஜன்னல்ல அடிக்கலை."

"யார் சொன்னது? ரெண்டடி தள்ளிப் பகல் குழல் எரியுது. தினமும் ஆறு மணி நேரம். பத்தொன்பது மாசமா..."

சொல்லிக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டார். மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழல் இந்தத் துணிமேல் எரிந்திருக்கிறது. வெயில் தாங்காத சாயம் என்று எதிரில் கிடக்கும் திரையே சாட்சி சொல்கிறது. அப்படிப்பட்ட சாயத்தில் ஓர் இழையைக்கூட அந்தக் குழலால் அசைக்க முடியவில்லை. அதில் இருந்தது கண்ணுக்குக் காட்டுகிற வெளிச்சம் மட்டும். பட்ட இடத்தில் வேலை செய்கிற வெயில் அதில் ஒரு பொட்டுகூட இல்லை. கண்ணை ஏமாற்றுவதற்காகவே செய்த பகல் அது. அதைத்தான் குழந்தையின் தலைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். கையில் விளக்கை வைத்துக்கொண்டு கிணற்றில் விழுவதென்றால் இதுதான்.

"சாயம்தான் தப்பு சார். நான்தான் வெயில்ல வச்சுப் பாக்காம அனுப்பிட்டேன்" என்றார் முதலாளியிடம். "நான் வீட்டுக்குப் போகணும்."

அந்த நேரத்துக்கு வேன் இல்லை. திரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நடுப்பகலில் தெருவில் நடந்தார். தொடை கனத்தது, இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். ஒரு வீட்டு வாசலில் யாரோ ஒரு குழந்தை செருப்பில்லாமல் ஓடியது. அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் போனதும் முதலில் குழலை அணைத்தார். பட்டப்பகலில் அறை இருட்டிவிட்டது. அந்த இருட்டில்தான் பத்தொன்பது மாதமாகக் குழந்தை வளர்ந்திருக்கிறது என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து திரையின் மடிப்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

தபால்காரம்மா அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். "அன்னைக்கு டாக்டர் வெயிலைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நீங்கதான் பதில் சொன்னீங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம் நாலு மாசம் போயிடுச்சு."

"ஆமா."

தபால்காரம்மாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "உங்களை மட்டும் சொல்லி என்ன. நான் வெயில்ல அலைஞ்சவ. வெயில்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நானும் பக்கத்துல வாய மூடிட்டுத்தான உட்கார்ந்திருந்தேன்." மொட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிரித்த மடிப்பின் நூலை வாயில் வைத்துச் சப்பினாள்.

அடுத்த நாள் டாக்டரிடம் போனார்கள். மாஸ்டர் உட்காரவில்லை. "போன தடவை நான் சொன்னது தப்பு டாக்டர். அது வெயில் இல்லை, விளக்கு" என்றார் நின்றபடியே. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குழந்தையின் மணிக்கட்டைத் தடவினார், சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார். இந்த முறை எழுதாமல், முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

குழந்தை எப்போதாவது வெளியே போவாளா? இல்லை. மாதமாக இருந்தபோது அம்மா வெளியே போனீர்களா? படுக்கையில் இருந்தேன். பிறந்ததிலிருந்து சொட்டு மருந்து ஏதாவது? யாரும் சொல்லவில்லை. மீன், முட்டை, பால்? முட்டையைத் துப்பிவிடுவாள், ஒரு வயது வரைக்கும் தாய்ப்பால்தான். கிட்னி, ஈரல், குடலில் எதுவும்? ஃபிட்ஸ் மருந்து? கிடையாது. "அது ரெண்டும் இல்லாதது நல்லது" என்றார் டாக்டர். ஒவ்வொரு "இல்லை"யும் மாஸ்டருக்குத் தன் பெயரில் எழுதப்படுவதுபோல் இருந்தது.

"ஜன்னல் பக்கத்துல உட்கார வச்சிருக்கேன் டாக்டர், சில நாள்" என்றார் தபால்காரம்மா.

"கண்ணாடி மூடியிருந்தா பிரயோஜனம் இல்லைம்மா. எலும்புக்கு வேண்டியதைச் செய்ற கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. அந்த விளக்குலயும் அது கிடையாது." டாக்டர் தன் கையையும் மேசைமேல் நீட்டினார், அதுவும் அவர்களுடையதைப் போலக் கறுப்புத்தான். "இன்னொண்ணு. நம்ம தோல் கறுப்பு. வெயிலை உள்ள விடாம அதுவே கொஞ்சம் தடுக்கும். வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிஷம் போதும்னா நமக்கு இன்னும் அதிக நேரம் வேணும். நாம என்ன பண்றோம், கறுத்துடுவோம்னு உள்ளயே உட்கார்ந்துக்கிறோம்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பின் முனை, தையல் போடாமல் விட்ட துணி ஓரம்போல் பிரிந்து தெரிந்தது. அதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ரத்தச் சோதனையில் மூன்று பேருக்குமே வைட்டமின் டி குறைவு. குழந்தைக்குக் குறைவு, தாய்க்கு அதைவிடக் குறைவு, கடைசி இடம் மாஸ்டருக்கு.

"நடப்பாளா டாக்டர்?" இதைக் கேட்கத்தான் அவர் இவ்வளவு நேரம் நின்றிருந்தார்.

"நடப்பா. மருந்துதான் வேலை செய்யும், ஒரு வேளை தவறக் கூடாது. கால் நிமிர வருஷம் ஆகலாம். உச்சி வெயில்ல போட்டு வாட்ட வேண்டாம், ஆனா இனிமே வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்காதீங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நானும் அன்னைக்கு இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்."

சைக்கிள் மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. முன்னால் ஒரு கூடை நாற்காலி பூட்டி, காலையில் மொட்டுவை உட்கார வைத்துத் தபால்காரம்மா பழைய தெருக்களில் மெதுவாக ஒரு சுற்றுப் போனார். கடிதம் எங்கே என்று கேட்டவர்களிடம் குழந்தையைக் காட்டினார். மாஸ்டர் காலையில் சொட்டு மருந்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளந்தார். அளவில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. பட்டறையில் டீ குடிக்க அறைக்குள் உட்காராமல் மொட்டைமாடிக்கு ஏறினார். முதல்நாள் நாலு இடத்தில் நின்று ஏறியவரைப் பார்த்து மாடிக்காரர் நூல் கட்டை ஒதுக்கி இடம் போட்டுக் கொடுத்தார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, எலும்புதான் கெட்டுச்சு. பரவாயில்லை, உட்காருங்க மாஸ்டரே."

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. மொட்டுவுக்கு மேலும் நாலு பல் வந்தது. தலை வியர்ப்பது நின்றது. நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு நொடி, மூன்று நொடி நின்றாள். அதற்கு மேல் காலைத் தூக்கவில்லை. மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டே இருந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மூன்று பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பார்க்குக்குப் போனார்கள். புல்லில் உட்கார்ந்து மாஸ்டர் குழந்தையின் ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் கொஞ்சம் நழுவியிருந்தது. அதன் ஓரத்தில் ஏதோ கண்ணில் பட்டது. குனிந்து, தையல் பிரிக்கிற அதே நிதானத்தோடு சாக்ஸை மெதுவாக மடித்து இறக்கினார். மேலே கெண்டைக்கால் கறுத்திருந்தது. சாக்ஸுக்குள் இருந்த பாதம் பழைய நிறத்திலேயே இருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு.

"இங்க வா, இதைப் பாரேன்" என்றார் தபால்காரம்மாவிடம். "ரெண்டு ஷேடு ஏறியிருக்கு. முழுசா ரெண்டு ஷேடு."

பிறந்ததிலிருந்து எந்தக் கோடு விழக்கூடாதென்று ஜன்னலை மூடி வைத்தாரோ, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டுவுக்குக் கூச்சமாக இருந்தது. இந்த அப்பாவுக்கு எதையும் வெகுநேரம் பார்த்தால்தான் திருப்தி. அவள் காலை வெடுக்கென்று இழுத்தாள், அவர் தோளில் கை ஊன்றி எழுந்தாள், ஒரு நொடி யோசித்தாள். பிறகு தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, காலை அகட்டி வைத்து, சைக்கிளைப் பார்த்து நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

மாஸ்டர் பிடிக்க எழப் போனார். தபால்காரம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடுங்க. அவ போகட்டும்."

அவர் கையில் சாக்ஸ் மட்டும் இருந்தது.